வம்புக்கார கஸ்டமர்

எங்கள் ஊர் பால்வாடிச் சுவரில் ஒரு கறுப்புக் கிரானைட் பலகை பதித்திருக்கிறது. ‘இத்தளம் உபயம்’ என்று தங்க எழுத்து. அதன் கீழே அப்பாதுரை பேர், அவருடைய அப்பா பேர், அவர் இருந்த பதவி, இருக்க ஆசைப்பட்டுக் கிடைக்காமல் போன பதவி எல்லாம் இருக்கிறது. பலகை வைத்து வருஷங்கள் ஓடிவிட்டன. என் பஞ்சர் கடை அந்தச் சுவரை ஒட்டி நிற்கிறது. காலையில் ஷட்டரைத் தூக்கித் திரும்பினால் முதலில் கண்ணில் படுவது அந்தப் பலகைதான். அன்றிலிருந்து இன்றுவரை அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ஏன் என்று கேட்டால், அது நன்றி சொல்ல வைத்த பலகை. நன்றி சொன்ன விதத்தில், யாருக்கு நன்றி சொல்ல வேண்டுமோ அவர் வேலையை அடியோடு மூடிவிட்டார்கள். இதை நான் டீக்கடையில் சொன்னால், “காசி, நீ டயர பாரு, உனக்கு எதுக்கு இந்தப் பேஜாரு?” என்கிறார்கள். டயரையும் பார்த்துக்கொண்டுதான் சொல்கிறேன். ஆறாவதோடு படிப்பை விட்டவன் எழுதுகிறேன் என்று யாரும் சிரிக்க வேண்டாம். பார்த்ததை எழுத ஆறாவது போதும்.

குர்ஷித் பேகம் எங்கள் பால்வாடிக்கு டீச்சராக வந்தபோது எனக்குத் தலை நரைக்கவில்லை. வீடு டவுனில். தினமும் ஷேர் ஆட்டோவில் எங்கள் அடி அண்ணாமலைக்கு வருவார். வந்ததும் புர்காவைக் கழற்றி மடித்துப் பையில் வைப்பார். புடவையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு பின்பக்க முற்றத்துக்குப் போய் மண்ணில் உட்கார்ந்துவிடுவார். என் கடைக்கு அவர் முதல்முதலாக வந்தது டயர் கேட்டு.

“ஏம்பா, தேஞ்சுபோன லாரி டயர் இருந்தா குடேன்.”

“எதுக்கு டீச்சர்? கொளுத்தவா?”

“பசங்க விளையாட.”

“டயர்ல இன்னா விளையாட்டு? உருட்டிக்கினு ரோட்டுக்கு வருவாங்க. எவனாவது ஏத்திட்டுப் போவான். அப்பறம் டயரு குடுத்தவன் யாருன்னு என் சட்டையைப் புடிப்பாங்க.”

“லாரி டயர உருட்ட நாலு வயசுப் பையனால முடியும்னா, அவன உன் கடைக்கே வேலைக்கு அனுப்பறேன். குடுப்பா.”

கொடுத்தேன். முற்றத்தில் புங்கமரத்தடியில் டயர்களைப் படுக்கவைத்து மண் நிரப்பினார். யாரோ வீடு கட்டி மீந்த மணல். அதை அள்ளிவந்து கொட்டியதும் நான்தான். மறுநாளிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே சத்தம்.

எங்கள் ஊர் கிரிவலப் பாதையில் இருக்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கில் ஜனம் மலையைச் சுற்றி வரும். அன்றைக்கு வீட்டுக்கு வீடு கடை. ஒருத்தர் லெமன் சாதம் விற்பார், ஒருத்தர் சுக்குக் காபி விற்பார். செருப்பு பார்த்துக்கொண்டு டோக்கன் கொடுப்பவர்கள் இருப்பார்கள். காலி மனையில் வண்டி நிறுத்த விசில் ஊதுகிறவர்கள் இருப்பார்கள். குழந்தைகள் பிறந்ததிலிருந்து பார்ப்பது இதைத்தான். அதனால் குர்ஷித் டீச்சர் முற்றத்தில் அவர்கள் விளையாடியதும் பௌர்ணமிதான். மணல் குவியல்தான் மலை. டயர் ஒவ்வொன்றும் ஒரு கடை. கொட்டாங்கச்சியில் மண்ணும் தண்ணியும் ஊற்றினால் டீ. புங்க இலைதான் காசு. டீச்சரின் வீட்டுக்காரர் மக்பூல் பாய் தகரப் பெட்டி செய்கிறவர். அவர் தகரத்தில் ஒரு புனல் செய்து கொடுத்தார், விளிம்பு கையைக் கிழிக்காதபடி மடித்து. அது மைக்.

டீச்சருடைய வேலை என்ன என்பதுதான் முதலில் எனக்குப் பிடிபடவில்லை. சொல்லிக்கொடுப்பதில்லை. ‘எல்லாரும் சொல்லுங்க’ என்று கத்துவதில்லை. அவரும் கிரிவலம் வந்த பாட்டி மாதிரி முந்தானையைப் போர்த்திக்கொண்டு கடை கடையாகப் போவார். போய் வம்பு பண்ணுவார்.

“இன்னாப்பா டீ இப்படி ஆறிப்போயிருக்கு?”

டீக்கடை போட்ட பொடியன் ராஜா யோசிப்பான். “அடுப்பு இப்பதான் பத்தவெச்சேன். குந்துங்க.”

“குந்தறேன். சர்க்கரை கம்மியா இருக்குதே.”

அவன் ஒரு பிடி மண்ணை அள்ளிப் போடுவான்.

“டீ எவ்ளோ?”

“மூணு இலை.”

“இந்தா, அஞ்சு இலை. மீதி குடு.”

பொடியன் இலையைப் பார்ப்பான், விரலைப் பார்ப்பான், வானத்தைப் பார்ப்பான். டீச்சர் நகரமாட்டார். “மீதி குடுக்காம ஏமாத்தறியா? போலீஸ கூப்பிடுவேன்” என்பார். அவன் ஒரு இலை கொடுப்பான். “இது பத்தாது” என்று டீச்சர் சண்டை போடுவார். பக்கத்துக் கடை ஆட்கள் பஞ்சாயத்துக்கு வருவார்கள். எல்லாரும் சேர்ந்து இலையை மண்ணில் பரப்பிவைத்து, இது டீக்கு, இது பாட்டிக்கு என்று பிரித்து, கடைசியில் இரண்டு இலை அவர் கைக்கு வரும். அஞ்சில் மூன்று போனால் எத்தனை என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. மீதியைத்தான் கேட்பார்.

ஒரு நாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து என்னைக் கூப்பிட்டார்.

“காசி, உன் மூஞ்சி நல்லாயிருக்குப்பா.”

“டீச்சர், நான் கல்யாணம் ஆனவன்.”

“சிடுசிடுன்னு இருக்குதுன்னு சொன்னேன். எங்கிட்ட சண்டை போட்டுப் போட்டுப் பசங்களுக்கு பயம் விட்டுப்போச்சு. புது ஆளு வேணும். வந்து ஒரு டீ குடிச்சுட்டு வம்பு பண்ணிட்டுப் போ.”

போனேன். செருப்புக் கடையில் அப்பாதுரையின் பேத்தி வள்ளி உட்கார்ந்திருந்தாள். நாலு வயசு. என் செருப்பை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு பூவரசங்காயை டோக்கனாகக் கொடுத்தாள். திரும்பி வந்து, டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி, “இது என் செருப்பு இல்ல, மாத்திட்ட” என்று குரலை உயர்த்தினேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். செருப்பைத் திருப்பி அடியைக் காட்டினாள்.

“உன்துதான். பாரு, கிரீஸு கீது. வேற யாரு செருப்புல கிரீஸு கீது?”

வம்பு பண்ணப் போனவன் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தேன்.

இன்னொரு விளையாட்டும் இருந்தது. இந்தக் கதையே அதனால்தான். பௌர்ணமியில் குழந்தைகள் தொலைந்துபோவது சகஜம். மைக்கில் அறிவிப்பு ஓடிக்கொண்டே இருக்கும். இந்தப் பிள்ளைகளும் அதை விளையாடினார்கள். முதல் நாள் காணாமல் போன குழந்தையாக நடித்த பையன் நிஜமாகவே பயந்து, மூச்சுவிடாமல் அழுதுவிட்டான். டீச்சர் அவனை மடியில் போட்டுக்கொண்டு சொன்னதை நான் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டேன்.

“அரே, நீ எங்க காணாமப் போன? நீ இங்கதான இருக்க. உங்கம்மாதான காணோம். அம்மா தொலைஞ்சுட்டாங்க, நாமதான் தேடணும். மைக்குல சொல்லு, எப்படி இருப்பாங்க உங்கம்மா?”

அதிலிருந்து அந்த முற்றத்தில் தொலைந்தது முழுக்க அம்மாக்கள்தான். ஒருத்தன் புனலை வாயில் வைத்துக்கொண்டு கேட்பான். அம்மா பேர் என்ன, என்ன கலர் புடவை, எந்தக் கடைக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு வந்தாய்? டீச்சர் பிள்ளைகளின் அம்மாவாக மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அடையாளம் சரியாகச் சொன்னால்தான் வெளியே வருவார். ‘அம்மா பேரு அம்மா’ என்று சொன்னால் வரமாட்டார். “ஊருல எல்லாருமே அம்மாதான், நான் எப்படி வர்றது?” என்று மரத்துக்குப் பின்னாலிருந்து குரல் வரும்.

இதை ஊர் என்னவென்று சொன்னது தெரியுமா? “சும்மா விளையாடிட்டு வருதுங்க.” கூப்பிட வந்த அம்மாக்கள் பிள்ளையின் கையிலுள்ள மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே டீச்சர் காதில் விழும்படி சொல்வார்கள். “விளையாட இங்க எதுக்கு அனுப்பணும், வீட்லயே விளையாடுமே.” “அந்த வேன் ஸ்கூல்ல மூணு வயசுலயே ஏபிசிடி எழுதுதாம்.” ஒருத்தி ஒரு படி மேலே போய், “உட்கார்ந்து மண்ணு பிசையறதுக்கு கவர்மெண்டு சம்பளம் வேற” என்றாள். மூன்று வயசுக் குழந்தைக்கு விரல் எலும்பு முழுசாக முற்றியிருக்குமா? அந்த விரலில் பென்சிலைத் திணித்து நான்கு கோடு நோட்டில் எழுத வைத்து, கோட்டைத் தாண்டினால் ஸ்கேலால் அடிப்பது படிப்பு. இலையைப் பிரித்து மீதி கொடுப்பது சும்மா. இப்படி ஒரு கணக்கு வைத்திருக்கிறவர்களிடம் என்ன பேசுவது?

அப்பாதுரை அப்போது வார்டு மெம்பராக இருந்தார். முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று மேடையில் சொல்லித்தான் பேத்தியைப் பால்வாடியில் சேர்த்திருந்தார். சேர்த்த அன்றைக்கு போட்டோ எடுத்தார். அதோடு சரி.

அந்த வருஷம் சித்ரா பௌர்ணமிக்குக் கூட்டம் அளவில்லாமல் வந்தது. பௌர்ணமியன்று கூட்டம் சேர்ந்ததும் வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் பஞ்சர் கடைக்காரனுக்கு லீவு. நான் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே அப்பாதுரையின் மருமகள் அன்புச்செல்வி, வெள்ளை டிரம்மில் லெமன் சாதம் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். வள்ளி அவள் காலடியில்தான் இருந்தாள். பொழுது சாயும் நேரம் ஒரு பெரிய கூட்டம் வந்து சாதத்துக்கு நின்றது. கூட்டம் கலைந்தபோது வள்ளி இல்லை.

அன்புச்செல்வி கத்திய கத்தலில் கரண்டி எங்கே விழுந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. நான் ஒரு பக்கம் ஓடினேன், அவள் வீட்டுக்காரன் ஒரு பக்கம் ஓடினான். கடல் மாதிரி ஜனம். ஒரு நாலு வயசுக் குழந்தை அதில் இடுப்புக்குக் கீழே எங்கே இருந்தாலும் தெரியாது. அப்பாதுரை நடுரோட்டில் நின்று மலையைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஒலிபெருக்கியில் குரல் வந்தது. போலீஸ் உதவி மையத்து மைக். எப்போதும் பேசுகிற ஆள் இல்லை. சின்னக் குரல், கொஞ்சம்கூட நடுக்கமில்லாமல்.

“எங்கம்மாவ காணோம். எங்கம்மா பேரு அன்புச்செல்வி. பச்சை கலர் பொடவ, ஜாக்கெட்டு வேற கலரு. வெள்ளை டிரம்முல லெமன் சாதம் விக்கிறாங்க. காசி பஞ்சர் கடைக்கு எதிர்ல தொலைஞ்சுட்டாங்க. யாருன்னா பாத்தா இட்டுக்கினு வாங்க. நான் இங்கதான் கீறேன்.”

பாதையில் போன ஜனமே சிரித்தது. சிரித்தவர்கள் எங்களுக்கு வழி விட்டார்கள். அன்புச்செல்வி ஓடிப்போய் அள்ளி எடுத்தபோது வள்ளி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. “எங்கம்மா போன?” என்று அம்மாவைத்தான் அதட்டினாள். மைக்கில் இருந்த பெண் போலீஸ் சொன்னது: “கூட்டத்துல யாரையும் புடிச்சுக்காம நேரா வந்து நின்னுது. அழுவாத பாப்பான்னு சொல்லப்போனேன். மைக்கு எங்கன்னு கேக்குது.”

எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துபோயிற்று. அந்தப் பிள்ளை தொலையவே இல்லை. முற்றத்தில் எத்தனையோ தடவை அம்மாவைத் தொலைத்து எத்தனையோ தடவை கண்டுபிடித்த பிள்ளை அது. மறுநாள் டீச்சர் வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் புர்காவைக்கூடக் கழற்றாமல் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். “ஜாக்கெட்டு வேற கலர்னு சொல்லிச்சா?” என்று கேட்டார். “சொல்லிச்சு டீச்சர்.” “அது நான் கேட்டதில்ல. அதுவே யோசிச்சுப் போட்டிருக்கு” என்று சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஊர் என்ன செய்தது? சாமி காப்பாற்றியது என்று தேங்காய் உடைத்தது. உடைக்கட்டும், நானும்தான் உடைத்தேன். டீச்சருக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அப்பாதுரை வீட்டில் வேறு பேச்சு ஓடியது. “எங்க பரம்பரை மூளை அது. இவ்ளோ அறிவான கொழந்தைய இன்னும் மண்ணுல வுட்டு வெக்கிறதா?” வள்ளிக்கு வேன் ஸ்கூலில் இடம் வாங்கிவிட்டார். டை, ஷூ, பெல்ட், முதுகை இழுக்கிற பை. அதோடு விடவில்லை. குழந்தை கிடைத்தால் அது படித்த இடத்துக்கு ஒரு நல்ல காரியம் செய்வதாக மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டாராம். அந்த நல்ல காரியம்தான் சிமெண்ட் தளம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வந்தார். மணல் குவியலை அள்ளி அந்தக் கலவையிலேயே போட்டார்கள். மலையாக இருந்தது தரையாகிவிட்டது. டயர்களைத் தூக்கி என் கடை வாசலில் எறிந்தார்கள். புங்கமரத்தின் அடிவரை சிமெண்ட். திங்கட்கிழமை டீச்சர் வந்து பார்த்தபோது அப்பாதுரை பலகைக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்.

“பாருங்க டீச்சர். கொழந்தைங்க இனிமே மண்ணு படாம குந்தலாம்.”

“ஐயா, அது அவங்க வகுப்புங்க.”

“வகுப்பு உள்ள இருக்குதே.”

“உள்ள சோறு துன்னுவாங்க, தூங்குவாங்க. உங்க பேத்தி மைக்குல பேசிச்சே, அத எங்க கத்துக்கிச்சுன்னு நெனைக்கிறீங்க?”

“அது எங்க ரத்தத்துலயே கீது. நானும் மைக்குல பேசறவன்தான?”

டீச்சர் உள்ளே போய்விட்டார். எனக்குத்தான் கை பரபரத்தது. நன்றிக்கடன் என்று ஒருவன் வந்து உன் அடுப்பை உடைத்துவிட்டு, பதிலுக்கு ஒரு சாப்பாட்டு மேசை கொடுத்தால் எப்படி இருக்கும்? அதுவும் அந்த மேசையில் அவன் பேர்.

சித்திரை போய் வைகாசி வெயில் வந்தது. காலை பத்து மணிக்கே தளம் தோசைக்கல். செருப்பில்லாத பிள்ளைகள் கால் வைக்க முடியாது. கதவைச் சாத்தி உள்ளேயே வைத்தார்கள். பௌர்ணமி வந்தால் அந்தத் தளத்தில் டூவீலர் நிறுத்தினார்கள், ஆயில் சொட்டியது. குழந்தைகளுக்குப் போட்ட தளத்தில் குழந்தை கால் படவில்லை. விளையாட்டும் போய்விட்டதால், இதுக்கு வேன் ஸ்கூலே தேவலை என்று இன்னும் சில வீடுகள் பிள்ளைகளை எடுத்துக்கொண்டன. பிள்ளைகள் குறைந்துகொண்டே போனால் எங்கள் பால்வாடியைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள் என்ற பேச்சு வந்தது. டீச்சருக்கு ரிட்டையர்மெண்ட் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. தான் போவதற்குள் இது மூடிவிடுமோ என்ற பயம் அவர் நடையிலேயே தெரிந்தது.

ஒரு நாள் என் கடைக்கு வந்து எறிந்த டயர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“காசி, உன் கடைப் பக்கத்து சந்து யாருது?”

“என்துதான் டீச்சர். பழைய ட்யூபு போட்டு வெச்சிருக்கேன்.”

“புங்கமரத்து நெழல் அங்க விழுதுப்பா.”

வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. ட்யூபை எல்லாம் கூரைமேல் போட்டேன். சந்தில் டயர்களைப் பரப்பினேன். சலித்துக் கழித்த மணல் ஒரு டிராக்டர் பேசி இறக்கினேன். ரோட்டுப் பக்கம் தகரம் அடித்து மறைத்தேன். சுவரில் ஏற்கெனவே ஒரு இடிசல் இருந்தது, அதை வழியாக்கினோம். மக்பூல் பாயின் தகரப் புனல் பால்வாடி பீரோமேல் தூசி படிந்து கிடந்தது. ராஜா அதை எடுத்து வாயில் வைத்து, “அலோ, அலோ, மைக் டெஸ்டிங்” என்றான். பௌர்ணமி மறுபடி ஆரம்பித்தது.

அப்பாதுரை காதுக்கு எட்டாமல் இருக்குமா? வந்தார்.

“டேய் காசி, நான் தளம் போட்டுக் குடுத்திருக்கேன். நீ பசங்கள உன் சந்துல இட்டாந்து மண்ணு துன்ன வெக்கிறியா? என்னை அசிங்கப்படுத்தணும்னே பண்றியா?”

“அண்ணா, ஒண்ணு பண்ணுங்க. செருப்ப கழட்டிட்டு உங்க தளத்துல போய் சித்த நேரம் நில்லுங்க. நின்னுட்டீங்கன்னா நானே டயர கொளுத்திடறேன்.”

அவர் தளத்தைப் பார்த்தார். உச்சி வெயில். செருப்பைக் கழற்றவில்லை. “உன் வாய்க்கு ஒரு நாள் வாங்குவ” என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து அவர் வீட்டு வண்டிகள் பஞ்சருக்கு வேறு கடைக்குப் போயின. போகட்டும்.

வள்ளியை மட்டும் நான் வேனில்தான் பார்த்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கள் சந்தைப் பார்த்துக்கொண்டே போவாள். நான் கையாட்டினால் பதிலுக்குக் கையாட்டுவதில்லை. அங்கே கையாட்டக்கூடாது போல.

அவளைத் திருப்பிக் கொண்டுவந்தது நான் இல்லை, டீச்சரும் இல்லை. ஆவணி பௌர்ணமிக்கு அன்புச்செல்வி மறுபடி என் கடைக்கு எதிரே டிரம் வைத்தாள். வள்ளி பக்கத்தில் ஸ்டூலில். சாதம் வாங்கிய ஒரு வெளியூர் அம்மாள் பிரியமாகக் குனிந்து, “பாப்பா பேர் என்ன?” என்று கேட்டார். வள்ளி வாய் திறக்கவில்லை. வலது கை ஆள்காட்டி விரலை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டாள். இடது கையை மார்பில் மடக்கிக்கொண்டாள். “சொல்லு கண்ணு” என்றார் அந்த அம்மாள். விரல் இறங்கவில்லை. யாராவது பெரியவர்கள் எதிரே நின்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள்.

அன்புச்செல்வி கரண்டியைப் போட்டுவிட்டாள். நல்ல வேளை, அப்பாதுரை அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். மாமனார் எதிரே தலை நிமிராதவள் நடுரோட்டில் கேட்டாள்.

“மாமா, இன்னிக்கு இது தொலைஞ்சா மைக்குல இன்னா சொல்லும்?”

“இன்னா பேசற நீ?”

“பாருங்க மாமா, எப்படி நிக்குதுன்னு. வெரல வாய்ல வெச்சிக்கினு நிக்கும். அது மைக்குல கேக்குமா? நான் எப்படி மாமா கண்டுபுடிப்பேன்?”

அப்பாதுரை பேத்தியைப் பார்த்தார். “தாத்தாவுக்கு பேர் சொல்லும்மா” என்றார். விரல் உதட்டிலேயே இருந்தது. அவர் வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார். தப்பு என்று ஒப்புக்கொண்டார் என்று நினைக்காதீர்கள். பலகையை இன்றைக்கும் மாசத்துக்கு ஒரு தடவை ஆள் விட்டுத் துடைக்கிறார். ஆனால் மறுநாள் அன்புச்செல்வி பிள்ளையை இழுத்துக்கொண்டு சந்துக்கு வந்தபோது அவர் தடுக்கவில்லை.

வந்த பிள்ளை மண்ணைத் தொடவில்லை. சாக்ஸோடு ஓரமாக நின்றாள். டீச்சர் வா என்று கூப்பிடவில்லை, பேர் சொல் என்று கெஞ்சவில்லை. நாள் கணக்காகக் காத்திருந்தார். ஒரு நாள் முந்தானையைப் போர்த்திக்கொண்டு அவள் எதிரே போய், தன் ஒற்றைச் செருப்பை நீட்டி, “இது ஒண்ணுதான் இருக்குது, இன்னொண்ண தொலைச்சிட்டியே” என்று சண்டைக்கு நின்றார். வள்ளியின் உதட்டிலிருந்து விரல் மெதுவாக இறங்கியது.

“நீதான் ஒண்ணு போட்டுக்கினு வந்த” என்றாள்.

அன்றைக்கு டீச்சர் என் கடையில் வந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஐப்பசியில் அவர் ரிட்டையர் ஆனார். சால்வை போட்டார்கள். அப்பாதுரையும் வந்து மைக்கில் பேசினார். விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, தளத்தைப் பற்றி நிறையப் பேசினார். புது டீச்சர் அருணாதேவி சின்னப் பெண். நல்ல பெண்தான். ஆனால் அதன் முகத்தில் பயம் இருந்தது. ஏற்கெனவே நாலு அம்மாக்கள் அதனிடம் போய், “நீங்களாவது எழுத வைங்க” என்று சொல்லிவிட்டிருந்தார்கள். சந்தை எட்டிப் பார்த்துவிட்டு, “இதுல நான் இன்னா பண்ணணும்க்கா?” என்று கேட்டது. “வாங்க வர்றவங்க இருந்தா கடை நடக்கும்மா. நீ பயப்படாம பாத்துக்கினே இரு, உனக்கே புரியும்” என்றார் டீச்சர்.

டீச்சர் வெளியூரில் மகள் மெஹ்ஜபீன் வீட்டோடு போய் இருக்கப்போவதாக ஏற்பாடு. இனி இந்தப் பக்கம் வரமாட்டார். ஷேர் ஆட்டோ வந்து நின்றது. சால்வையும் பூ மாலையும் ஒரு பையில் திணித்துக்கொண்டு ஏறினவர், ஆட்டோ கிளம்பியதும் “நிறுத்துப்பா” என்று கத்திவிட்டு, தலையை வெளியே நீட்டி என்னைக் கூப்பிட்டார். ஏதாவது மறந்து வைத்துவிட்டார் போல என்று ஓடினேன்.

“காசி, நாளைக்கு டீக்கடை வள்ளியோடது. காலைல கடைய தொறந்ததும் போ. அருணா பார்க்கறமாதிரி போ. ஆறிப்போச்சுன்னு சொல்லு, சர்க்கரை கம்மின்னு சொல்லு. அது இன்னா சமாதானம் சொன்னாலும் விட்டுக்குடுக்காத. அஞ்சு இலை குடு. மீதி வாங்காம மட்டும் வந்துடாதப்பா.”